பிழைதிருத்தல் பத்திரம்

சத்தியம், தம்பி. ஒரு சத்தியம் இல்லை, மூன்று சத்தியம். இப்போது நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்து பொய்யாக இருந்தால் இந்தப் பஸ் மேலூர் போய்ச் சேராமல் நடுவழியில் நின்றுபோகட்டும். பயப்படாதீர்கள். போன மாதம் ரயிலில் இதே சத்தியத்தைச் செய்தேன். ரயில் அரை மணி முன்னதாகப் போய்ச் சேர்ந்தது.

நீங்கள் திருப்பத்தூரில் ஏறியதிலிருந்து போனில் யாரிடமோ மெயில் போகலை, மெயில் போகலை என்று சத்தம் போட்டுக்கொண்டு வருகிறீர்கள். மூன்று சீட்டு தள்ளி இருந்தவன் அதைக் கேட்டுத்தான் எழுந்து வந்தேன். மெயில் போகாத மனிதனைப் பார்த்தால் எனக்குச் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி. கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொள்ளுங்கள். இந்தக் கோப்பை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் திரும்பி வந்த கடிதங்கள். இதைத் தூக்கிக்கொண்டுதான் மதுரைக்கு ஒரு நோட்டரியைப் பார்க்கப் போகிறேன். நான் நானேதான் என்று அவர் முன்னால் ஒரு பிரமாண வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். சிரிக்காதீர்கள். கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் பெயர் பழனியாண்டி. காரைக்குடியில் பத்திர எழுத்தன். நாற்பது வருஷம் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே மேஜை போட்டு எழுதினேன். ரைட்டர் ஐயா என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை ஒரு கிணற்றைப் பாகம் பிரிக்க இரண்டு அண்ணன் தம்பி வந்தார்கள். தண்ணீரைப் பிரித்தேன், படிக்கட்டைப் பிரித்தேன், தவளையைக்கூடப் பிரித்தேன். பௌர்ணமிக்குக் கிணற்றில் விழுகிற நிலா யாருக்கு என்று தம்பிக்காரன் கேட்டான். ஒரு பௌர்ணமி அண்ணனுக்கு, மறு பௌர்ணமி தம்பிக்கு என்று எழுதி, சாட்சி வைத்துப் பதிந்து கொடுத்தேன். இன்றைக்கும் அந்தக் கிணற்றில் முறை வைத்துத்தான் நிலா விழுகிறது. மழைக்காலத்தில் வந்து பாருங்கள்.

ஆனால் நான் சொல்லவந்தது அதில்லை. என் மகள்.

ஒரே மகள். மங்கையர்க்கரசி. நாங்கள் மங்கை என்போம். நாங்கள் என்றால் இப்போது நான் ஒருவன்தான். அவள் அம்மா போய் ஐந்து வருஷம் ஆகிறது. மங்கைக்கு நாக்பூரில் ஒரு கம்பெனியில் வேலை. முப்பத்தாறு வயது வரை கல்யாணமே வேண்டாம் என்றவள், போன மாசியில் எனக்கு எழுதினாள். கூட வேலை பார்க்கிறவராம். அந்தப் பக்கத்துக்காரராம். முதல் மனைவி தவறிப்போய்விட்டாளாம். ஏழு வயதில் ஒரு பெண் குழந்தையாம். அவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் அப்பா என்று எழுதியிருந்தாள்.

அதற்கு மறுநாள் என் மெயிலிலிருந்து அவளுக்கு ஒரு பதில் போயிருக்கிறது. போயிருக்கிறது என்கிறேன். நான் அனுப்பினேன் என்று சொல்லவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள். அதில் என்ன இருந்தது தெரியுமா? எனக்கு மனப்பாடம். 'இன்று முதல் நமக்குள் தகப்பன், மகள் என்ற பாத்தியதை யாதொன்றும் இல்லை. பின்னிட்டு எக்காலத்தும் ஒருவர் மீது ஒருவர் யாதொரு உரிமையும் கோரக் கூடாது. இதை என் சுயநினைவோடும் பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதிக்கொடுக்கிறேன்.'

எவ்வளவு சுத்தமான விடுதலைப் பத்திரம் பாருங்கள். ஓர் இடத்தில் பிசகில்லை. மோசடிக்காரன் என்றாலும் தொழில் தெரிந்தவன்.

அன்று மத்தியானமே மங்கை போன் செய்தாள். அழுகை இல்லை, சண்டை இல்லை. ஒரே கேள்வி.

"அப்பா, இது நீங்க எழுதினதா?"

"நான் எழுதலம்மா. யாரோ என் மெயிலுக்குள்ள பூந்து எழுதியிருக்கான்."

நாக்பூரில் ஒரு குக்கர் மூன்று விசில் அடித்தது. நான் எண்ணிக்கொண்டு இருந்தேன். அப்புறம் சொன்னாள்.

"சரிப்பா. அப்ப நீங்க எழுதி அனுப்புங்க. ரெண்டு வரி போதும். உங்க எழுத்துதான்னு எனக்குத் தெரிஞ்சா போதும்."

கல்யாணம் வைகாசியில் என்றாள். அதுக்குள்ள உங்க கடிதம் வந்துட்டா, என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. போனை வைத்துவிட்டாள்.

இரண்டு வரி, தம்பி. நீங்களே சொல்லுங்கள், இரண்டு வரியில் என்னத்தை மெய்ப்பிப்பது? இன்னார் மகன் இன்னார் என்று ஆரம்பித்து முடிப்பதற்கே ஆறு வரி ஆகுமே. அதுவும் எந்த மெயிலில் அனுப்புவது? மோசடிக்காரன் புகுந்துவிட்டான் என்று சொன்ன பழைய மெயிலிலிருந்தே மறுபடியும் எழுதினால் அவள் என்ன நினைப்பாள்? அவனும் இவனும் ஒரே ஆள் என்று நினைக்கமாட்டாளா? அதனால் அந்தப் பழைய மெயிலை அன்றைக்கே மூடினேன். மூடிவிட்டு முடிவு செய்தேன். இனி என் கடிதம் என் வீட்டிலிருந்து, என் இயந்திரத்திலிருந்து, என் பெயரில், என் முத்திரையோடு போகவேண்டும். எவனும் இது பழனியாண்டி எழுதியதல்ல என்று சொல்ல முடியாதபடி போகவேண்டும். சொந்தமாக ஒரு மெயில் சர்வர், வீட்டுக்குள்ளேயே ஒரு தபாலாபீஸ்.

மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்து பீரோ மேலே ஏற்றினேன். அதன் சூட்டைக் கேட்காதீர்கள். பீரோவுக்குள் இருந்த மாங்காய் ஒரே ராத்திரியில் பழுத்துவிட்டது. பூட்டின பீரோ. என் பெயரில் ஒரு டொமைன், அதாவது இன்டர்நெட்டில் ஒரு விலாசம், பதிந்தேன். அதற்கப்புறம்தான் தம்பி, எனக்கு ஒரு உலகமே திறந்தது. டி.என்.எஸ். என்கிறார்களே, அது என்ன தெரியுமா? நீங்கள் கம்ப்யூட்டர்காரர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உலகத்துக்கே பொதுவான சார்பதிவாளர் ஆபீஸ். யார் வேண்டுமானாலும் போய் இன்னார் பெயரில் என்ன பதிந்திருக்கிறது என்று வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். அடடா, நாற்பது வருஷம் நாம் எழுதினதைத்தானே வெள்ளைக்காரனும் எழுதியிருக்கிறான் என்று ஆகிவிட்டது.

முதல் ரெக்கார்டு, மனை விவரம். பழனியாண்டி என்ற பெயருக்குத் தபால் வந்தால் இந்தக் கதவிலக்கத்தில் கொடு. கதவிலக்கம் என்றால் நம் இன்டர்நெட் கனெக்‌ஷனுக்கு ஒரு எண் இருக்குமே, அது. இரண்டாவது, பவர் பத்திரம். பழனியாண்டி பெயரில் கடிதம் அனுப்பும் அதிகாரம் இந்தக் கதவிலக்கத்துக்கு மட்டுமே உண்டு, வேறு யாதொருவருக்கும் கிடையாது. மூன்றாவது, முத்திரை. கடிதம் என்னுடையதுதானா என்று ஒத்துப்பார்க்க ஓர் ஆங்கில எழுத்துக் கோவை, நானூறு எழுத்து. நகல் எடுத்து ஒட்டு என்று நான் பார்த்துச் செய்த இன்டர்நெட் வழிகாட்டிப் பக்கத்தில் போட்டிருந்தது. நகல் எடுத்து ஒட்டுவது திருட்டுப் பத்திரக்காரன் வேலை. நான் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன். பெரிய ஐ எது, சின்ன எல் எது என்று பிரம்மாவுக்கே தெரியாத எழுத்து. ஆனால் ஒரு பிழை கிடையாது. சரிபார்க்கவேண்டிய அவசியமே இல்லை என்று விட்டுவிட்டேன்.

நாலாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. உன் பெயரில் பொய்க் கடிதம் வந்தால் என்ன செய்யட்டும் என்று உலகம் நம்மைக் கேட்கிறது. மூன்று வழி உண்டு. சும்மா விட்டுவிடலாம். சந்தேகக் கூடையில் போடலாம். வாசலிலேயே கிழித்துப் போடலாம். புதிதாக வருகிறவர்கள் முதல் வழியில் தொடங்கி, சில வாரம் பார்த்துவிட்டு, அப்புறம் கடுமையாக்குவது நல்லது என்று போட்டிருந்தது. திருடன் வருகிறானா என்று சில வாரம் கதவைத் திறந்துவைத்துப் பார்ப்பார்களா? நான் முதல் நாளே எழுதினேன். கிழித்துப் போடு.

இதெல்லாம் முடிய ஆனி ஆகிவிட்டது.

ஆமாம். வைகாசி போய்விட்டது. கல்யாணப் பத்திரிகை வந்தது. நாக்பூர் விலாசத்தோடு, மஞ்சள் தடவி, என் பெயரைப் போட்டே வந்தது. 'காரைக்குடி பழனியாண்டி அவர்களின் மகள்' என்று அச்சடித்திருந்தாள். நான் போகவில்லை. எப்படிப் போவது? அவள் கேட்டது கடிதம். கடிதம் போகாமல் ஆள் போய் நின்றால், ஆளே மோசடி என்று ஆகிவிடாதா? நான் அன்றைக்கு முத்திரையின் இருநூறாவது எழுத்தில் இருந்தேன்.

ஆனியில் முதல் கடிதம் அனுப்பினேன். ஒன்பது பக்கம். அந்தப் பழைய கடிதம் நான் எழுதியதல்ல என்பதற்குப் பதினாறு காரணம், வரிசை எண் போட்டு. அன்று பகல் நான் எங்கே இருந்தேன், யாரோடு டீ குடித்தேன், என் நடையில் 'யாதொன்றும்' என்ற வார்த்தை வராது, இப்படி. பதில் இல்லை. இன்னொன்று அனுப்பினேன், ஆறு பக்கம். பதில் இல்லை. மூன்றாவதும் அப்படித்தான். கிணற்றில் கல்லைப் போட்டால் தொப்பென்று ஒரு சத்தமாவது வரும்.

மறுபடி வழிகாட்டிப் பக்கத்தைப் படித்தேன். ஒன்று பாக்கி இருந்தது. பெயரைச் சொன்னால் கதவிலக்கம் வரும். அதை நான் எழுதிக்கொண்டேன். கதவிலக்கத்தைச் சொன்னால் பெயர் வரவேண்டுமாம். அதை நான் எழுத முடியாதாம். வீட்டுக்குச் சொந்தக்காரன்தான் எழுதித் தரவேண்டும். நம் கதவிலக்கத்துக்குச் சொந்தக்காரன் யார்? சகாயராஜ். எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி கொடுத்துக்கொண்டிருந்தவன், இப்போது இன்டர்நெட்டும் கொடுக்கிறான். அவன் ஆபீசுக்குப் போனேன்.

"நெட் வருதுங்களா ஐயா?"

"வருது."

"படம் ஓடுதா?"

"ஓடுது. சகாயம், யாராவது என் நம்பரைக் கேட்டா என் பேரைச் சொல்லணும்ப்பா."

"நம்பரைக் கேட்டு யாருங்கய்யா வரப்போறா?"

"அமெரிக்காக்காரன் வருவான்."

"வந்தா நம்ம ஆபீசுக்கு அனுப்பிவைங்க. டீ வாங்கிக் குடுத்து நானே சொல்லிடுறேன். ரைட்டர் ஐயா வீடு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

பதினொரு தடவை போனேன். பதினொரு தடவையும் டீ கொடுத்தான். நல்ல பையன். ஆடி பதினெட்டு கழித்து ஒரு நாள் அவனே வீடு தேடி வந்து, எங்களுக்கு மேலே இருந்து நெட் கொடுக்கிற கம்பெனியை மாற்றிவிட்டோம் ஐயா, இனிமேல் ஸ்பீடைப் பாருங்கள் என்றான். ஸ்பீடு வந்தது. கதவிலக்கம் போய்விட்டது. என் எண்ணே மாறிவிட்டது, தம்பி. பவர் பத்திரத்தில் பழைய எண். வீடோ புது எண்.

இங்கேதான் என் தொழில் என்னைக் காப்பாற்றியது. உங்களை மாதிரி ஆள் என்ன செய்திருப்பீர்கள்? பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதியிருப்பீர்கள். பதிந்த பத்திரத்தில் கைவைக்கலாமா? ஒரு புள்ளியைச் சுரண்டினாலும் ஜெயில். பத்திரத்தில் தவறு இருந்தால் அதற்கென்று ஒரு வழி இருக்கிறது. பிழைதிருத்தல் பத்திரம். முந்தின பத்திரம் அப்படியே நிற்கும். அதன் கீழே, மேற்படியில் கண்ட கதவிலக்கம் தவறு, சரியானது இது என்று இரண்டாவதாக ஒன்று பதியவேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் படிக்கவேண்டும். எந்தக் கோர்ட்டிலும் செல்லும். அப்படியே செய்தேன். பழைய பவர் பத்திரம் அப்படியே இருக்க, அதன் கீழே புது எண்ணோடு இன்னொரு பவர் பத்திரம். பழையதை நீக்கட்டுமா என்று அந்த ஸ்கிரீன் என்னைக் கேட்டது. நாற்பது வருஷத்தில் ஓர் எழுத்தைச் சுரண்டாதவனைப் பார்த்து.

அதற்குப் பிறகு ஒரு நல்லது நடந்தது. கடிதங்களுக்குச் சத்தம் வர ஆரம்பித்தது. திரும்பி வந்தன.

அனுப்பின மறு நிமிஷம் திரும்பிவிடும். மேலே ஆங்கிலத்தில் மறுக்கப்பட்டது என்று போட்டிருக்கும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் பத்துப் பதினைந்து வரி. அது குமாஸ்தா எழுத்து. குமாஸ்தா எழுத்தை நான் படிப்பதில்லை. மறுத்தார் என்றால் மறுத்தார். எங்கள் தொழிலில் அதற்கு அர்த்தம் வேறு. ரிஜிஸ்டர் தபால் 'வாங்க மறுத்தார்' என்று திரும்பினால், அது அவர் கையில் சேர்ந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படியென்றால் மங்கைக்கு என் கடிதம் சேர்ந்துவிட்டது. அவள் வேண்டுமென்றுதான் திருப்புகிறாள். ரோஷக்காரி. எனக்குப் பிறந்தவள்தானே? ஒவ்வொன்றையும் அச்செடுத்து, எண் போட்டு, டேக் கோத்து வைத்தேன். இந்தக் கோப்பு அதுதான்.

போன் செய்யவில்லையா என்று கேட்கிறீர்கள். செய்தேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் இந்தியில் சொன்னது. மங்கை குரல் மாதிரியே இருந்தது. ஆனால் மங்கைக்கு அவ்வளவு மரியாதையாகப் பேச வராது. பத்திரிகையில் இருந்த விலாசத்துக்கு ரிஜிஸ்டர் தபால் போட்டேன். வீடு மாறிப்போனார் என்று எழுதித் திரும்பிவிட்டது. மிச்சம் இருந்தது அவளுடைய கம்பெனி மெயில் ஒன்றுதான். அதற்குத்தான் எழுதிக்கொண்டே இருந்தேன். நாலு பக்கம், மூன்று பக்கம், ஒரு பக்கம். மனுஷனுக்குக் கை வலிக்காதா?

அதனால்தான் நோட்டரி. நான் நானேதான் என்று முத்திரை போட்ட வாக்குமூலம் ஒன்றை அடுத்த கடிதத்தோடு இணைத்துவிட்டால் அப்புறம் எந்தக் குமாஸ்தா மறுப்பான்?

என்ன, கோப்பைப் பார்க்கவேண்டுமா? தாராளமாகப் பாருங்கள். இதோ, நடுவிலிருந்து ஒன்று. அந்தப் பொடி எழுத்தையா படிக்கிறீர்கள்? உங்களுக்குப் பொறுமை அதிகம்.

என்ன சொல்கிறீர்கள்? இன்னொரு தரம் சொல்லுங்கள், பஸ் சத்தத்தில் கேட்கவில்லை.

மறுத்தது மங்கை இல்லையா? அவள் கம்பெனி சர்வரா?

பவர் பத்திரம் ஒன்றுதான் இருக்கலாமா? இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாதா? சேர்த்து வைத்துப் படிக்கமாட்டானா? அப்படிக்கூட ஒரு ரிஜிஸ்டர் ஆபீஸ் உண்டா, தம்பி? சரி, முத்திரை? முத்திரையும் பொருந்தவில்லையா? நானூறு எழுத்தில் ஒன்று? எது? சரி, விடுங்கள். அப்புறம்? பவரும் செல்லாது, முத்திரையும் பொருந்தாது, அதனால் இது பழனியாண்டி கடிதம் இல்லை. பழனியாண்டி கடிதம் இல்லாததை என்ன செய்வது என்று பழனியாண்டியின் பத்திரத்தையே எடுத்துப் பார்த்திருக்கிறான். கிழித்துப் போடு என்று இருந்ததா? என் உத்தரவா? அவ்வளவு கடிதத்தையும் நாக்பூர் வாசலில் கிழித்தவன் நானா?

அந்த முதல் மூன்று? அது சந்தேகக் கூடைக்குள் போயிருக்கும் என்கிறீர்கள். சகாயராஜ் பெயரைச் சொல்லாததால். ஒன்பது பக்கம். பதினாறு காரணம். அவள் கண்ணிலேயே படவில்லை. அப்படியென்றால் அவளைப் பொறுத்தவரை போன மாசியிலிருந்து அப்பா ஒரு வரிகூட எழுதவில்லை. அவள் இரண்டு வரி போதும் என்று கேட்டும் எழுதவில்லை. அவளிடம் இருப்பது அந்த ஒரே கடிதம்.

அந்தப் பக்கத்தைத் திருப்பாதீர்கள், தம்பி. திருப்பி அனுப்புகிறவன் நாம் எழுதினதையும் கீழே ஒட்டித்தான் அனுப்புகிறான், அது குடும்ப விஷயம். திருப்பிவிட்டீர்களா? எது, இருபத்தேழாம் எண்ணா?

அது ஒரு மாதிரிக்கு எழுதினது. பத்திரத்துக்கு முதலில் வரைவு எழுதிப் பார்ப்போமே, அந்த மாதிரி. அதில் இருக்கிறது நிஜம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த மாசி மாசத்துக் கடிதத்துக்கும் எனக்கும் யாதொரு...

என்ன, பஸ் நின்றுவிட்டது?

கீழவளவா? மேலூர் இன்னும் வரவில்லையா? டிக்கெட் செக்கர் ஏறுகிறாரா? அதற்குத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். அது வேறு. சத்தியத்துக்கும் செக்கருக்கும் சம்பந்தமில்லை. இந்தாங்க சார், டிக்கெட்.

சரி. பார்க்காதீர்கள் அப்படி.

நான்தான் எழுதினேன். மோசடிக்காரனும் இல்லை, ஒருத்தனும் இல்லை. மேஜையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு பிழை இல்லாமல் எழுதினேன். அனுப்பி அரை மணியில், அதைத் திருப்பி எடுக்க வழி உண்டா என்று ஸ்கிரீன் முழுக்கத் தேடினேன். அவள் போன் செய்தபோது வாய் முந்திக்கொண்டது. அவளுக்குத் தெரியும், தம்பி. யாதொன்றும் என்று இந்தக் காலத்தில் வேறு எவன் எழுதுவான்? தெரிந்துகொண்டுதான், இரண்டு வரி போதும் அப்பா என்றாள்.

இருபத்தேழாவதில்தான் அந்த இரண்டு வரியை எழுதினேன். நீங்கள்தான் படித்துவிட்டீர்களே. 'மங்கை, முதல் கடிதத்தை எழுதியது நான்தான். குழந்தை பேர் என்ன?' அவ்வளவுதான். பேர்கூடத் தெரியாது எனக்கு. அதன் தலையில்தான் உங்கள் குமாஸ்தா எழுதியிருக்கிறான், இது பழனியாண்டி எழுதியதல்ல என்று. எழுபது வயதுக்கு ஒரு உண்மை எழுதினேன்.

என்ன? இப்போதே சரிசெய்யலாமா? இந்தப் பஸ்ஸிலேயேவா? பழைய பவரை நீக்கிவிட்டால் புது பவர் மட்டும் நிற்கும், அது போதும் என்கிறீர்கள். நீக்குவது என்றால் அழிப்பதுதானே. நாற்பது வருஷம் தம்பி. சிவகங்கையில் ஒருவன் தேதியில் ஒற்றைக் கோட்டைச் சுரண்டினதற்கு நான் கோர்ட்டில் போய் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறேன்.

பாஸ்வேர்டா? இந்தக் கோப்பின் உள்அட்டையில் இருக்கிறது. படித்துச் சொல்லவேண்டாம், அது அவள் அம்மா பேர்.

அழியுங்கள்.

முடிந்துவிட்டதா? சுரண்டுகிற சத்தம்கூட வரவில்லை. உலகத்துக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மணியிலும் தெரியலாம், ஒரு நாளும் ஆகலாம். ஆகட்டும். அப்படியானால் இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் அந்த இரண்டு வரியையே மறுபடி அனுப்பிவிடுகிறேன். கிழிக்கமாட்டான் இல்லையா? நேராகப் போய் மங்கை முன்னால் நிற்கும். வாக்குமூலமும் வேண்டாம், நோட்டரியும் வேண்டாம். தம்பி, உங்களுக்கு மேலூரில் ஒரு இளநீர் வாங்கித் தருகிறேன். வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

ஏன் இன்னும் கோப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? அது கடைசித் தாள், இருபத்தெட்டு. போன வியாழக்கிழமை அதே இரண்டு வரியைத்தான் இன்னொரு தரம் அனுப்பினேன். அதுவும் வந்துவிட்டது. இந்தத் தடவை பொடி எழுத்து ரொம்பக் குறைச்சல், தந்தி மாதிரி ஒன்றரை வரி. குமாஸ்தாவுக்கே அலுத்துவிட்டது போலிருக்கிறது.

இது வேறு காரணமா? இதற்கும் என் பத்திரத்துக்கும் சம்பந்தமில்லையா?

படியுங்கள். தமிழில் சொல்லுங்கள்.

இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை.

நாம் இப்போது அழித்ததனால் இது மாறாதா? மாறாது. அவள் அந்தக் கம்பெனியை விட்டுப் போயிருக்கவேண்டும், பேரை எடுத்துவிட்டார்கள் என்கிறீர்கள். எங்கே போனாள் என்று அந்த ஒன்றரை வரியில் இல்லை. சரி.

இல்லை, தம்பி, உங்களுக்கு எங்கள் குடும்பத்து வழக்கம் தெரியாது. யாராவது தேடி வந்தால், வீட்டுக்குள் இருந்துகொண்டே, அப்பா இல்லை என்று சொல்லு என மங்கையைத்தான் வாசலுக்கு அனுப்புவேன். ஐந்து வயதில் வாசலில் போய் நின்று, அப்பா இல்லைன்னு சொல்லச் சொன்னார் என்று சொல்லுவாள். அதுதான் இது. உள்ளேதான் இருக்கிறாள். இருப்பாள்.

மேலூர் வந்தது, போனது. இளநீரை மறந்துவிட்டேன் பாருங்கள். அதோ யானைமலை. நான் ஐகோர்ட் ஸ்டாப்பில் இறங்கவேண்டும். நோட்டரியிடம் பதினோரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், சொன்ன சொல் தவறக்கூடாது. நான் நானேதான் என்று ஒரு தாள் கையில் இருந்தால் எதற்காவது ஆகும்.

கோப்பை நீங்களே வைத்துக்கொள்கிறீர்களா? வேண்டாம், கொடுங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் தொழிலில் இருப்பவர்கள் யாரையும் எங்கேயும் தேடிப் பிடித்துவிடுவீர்களாம். மங்கையர்க்கரசி. நாக்பூர், இல்லாவிட்டால் வேறு ஊர். கூட ஏழு வயதில், இல்லை, இப்போது எட்டு, ஒரு பெண் குழந்தை. உங்கள் மெயில் போகும்; உங்களுக்கு எல்லாம் சரியாகப் பதிந்திருக்கும். கிடைத்தால் ஒரு வரி எழுதுங்கள். அந்த முதல் கடிதம் உங்க அப்பா எழுதினதுதான் என்று.

யார் சொன்னது என்று கேட்பாள். காரைக்குடி பஸ்ஸில் யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள் என்று எழுதுங்கள். வேறு என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். என் பேரை மட்டும் சொல்லிவிடாதீர்கள், தம்பி. நான் சொன்னது என்று தெரிந்தால் நம்பமாட்டாள்.